உத்தர வீதியில் சத்தமில்லாத கராத்தே

போன மாதம் கோமதி வீட்டுக்கு வந்து போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். என்னிடம் கராத்தே கற்றுக்கொண்டு, இப்போது திருச்சியில் தானே வகுப்பு நடத்துகிறவள். "டீச்சர், இப்பல்லாம் கலர் பெல்ட் டெஸ்ட்டுக்கு வீடியோ எடுத்து அனுப்பினாப் போதும். எக்ஸாமினர் பஸ்ல போய்க்கிட்டே பாத்து மார்க் போட்டுடறாரு. பக்கத்து சீட்டுக்காரங்களுக்குத் தொந்தரவுன்னு சத்தத்தை மியூட் பண்ணிட்டுத்தான் பாப்பாராம்" என்றாள்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். அப்புறம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், அடுப்படியில் இருந்த என் கணவர் கரண்டியோடு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். நாங்கள் எதை நினைத்துச் சிரித்தோம் என்று அவருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்கத்தான் கோமதி வந்திருந்தாள். கராத்தே உடம்புக்கும் மனசுக்கும் நல்லது என்று பக்கம் பக்கமாக எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் இதை எழுதிவிடுகிறேன்.

என் பெயர் ஜெசிந்தா. திருவெறும்பூரில் ஆலை ஃபிட்டரின் மகளாகப் பிறந்து, பாலக்கரையில் வாழ்க்கைப்பட்டு, திருச்சியின் பெண்கள் பள்ளிகளில் கராத்தே டீச்சராக வேலை பார்த்தவள். போன வருஷம் என் முழங்கால் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டது. நானும் அதோடு சேர்ந்து ஓய்வு பெற்றேன். சின்ன வயசில் தம்பியைக் கராத்தே வகுப்பில் கொண்டுபோய் விடச் சொன்னார் அப்பா. தம்பி ஒரே வாரத்தில் ஓடிவிட்டான். கட்டிய பணம் வீணாகக் கூடாதென்று அவன் இடத்தில் நான் போய் நின்றேன். நான் கராத்தேக்கு வந்த கதை இவ்வளவுதான்.

அந்த வகுப்பை நடத்தியவர் தேவராஜ் மாஸ்டர். அதே ஆலையில் கிரேன் ஆபரேட்டர். ஷிப்ட் முடிந்து, குளித்து, தலையில் எண்ணெய் தடவி, வெள்ளை உடுப்பை இஸ்திரி மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு குடியிருப்பின் சமூகக் கூடத்துக்கு வருவார். வந்ததும் வணக்கம் கிடையாது. முதலில் நாங்கள் கூடத்தைத் துடைக்க வேண்டும். ஈரத்துணியில் இரண்டு கையையும் ஊன்றி, இடுப்பைத் தூக்கிக்கொண்டு, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் ஓட வேண்டும். காலுக்கு அதைவிடப் பெரிய பயிற்சியை நான் இன்றுவரை பார்க்கவில்லை. கூடமும் சுத்தமாகிவிடும். மாஸ்டர் எதிலும் இரட்டை லாபம் பார்க்கிறவர்.

அதற்குப் பிறகுதான் வணக்கம். பிறகு கிஹோன். அடிப்படை அடி, தடுப்பு, உதை எல்லாம் சேர்ந்தது அது. குத்தும்போது கை முன்னால் போவதை எல்லோரும் பார்ப்பார்கள். மாஸ்டர் பார்ப்பது, இடுப்புக்குத் திரும்பி வருகிற மற்றக் கையை. அந்தக் கையின் கக்கத்தில் மடித்த தினத்தாளைச் செருகிவிடுவார். அது கீழே விழுந்தால், விழுந்த பக்கத்தைச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். நான் ஏகப்பட்ட வரி விளம்பரம் படித்திருக்கிறேன். நிற்கிற நிலை சரியா என்று பார்க்க, பின்னால் பூனை மாதிரி வந்து முட்டியின் உள்பக்கம் பாதத்தால் ஒரு தட்டு தட்டுவார். கால் மடங்கினால் மறுபடியும் துணி, மறுபடியும் சுவர்.

கிஹோனுக்கு அடுத்தது காத்தா. எதிரில் ஆள் இல்லாமல், இருப்பதாக நினைத்துக்கொண்டு வரிசை மாறாமல் போடுகிற சண்டை அது. ஆள் இருந்து போடுவது குமித்தே. அதில் முகத்துக்கு வருகிற குத்தை முகத்தில் படாமல் நிறுத்த வேண்டும். "மூக்குக்கும் முஷ்டிக்கும் நடுவுல தோசைத் திருப்பி நுழையற அளவு எடம் இருக்கணும். அதுக்கு மேல எடம் விட்டா நீ பயந்தாங்கொள்ளி. விடலைன்னா நீ ரவுடி" என்பார்.

எல்லாவற்றுக்கும் உயிர் கொடுப்பது கியாய் என்றும் சொல்வார். கராத்தேக்காரர்கள் அடிக்கும்போது 'ஏய்' என்று போடுகிற சத்தம் என்றுதான் வெளியே நினைக்கிறார்கள். மாஸ்டர் கணக்கு வேறு. அடி விழுகிற கணத்தில் அடிவயிற்றை இறுக்கி, உள்ளே இருக்கும் மூச்சை ஒரே தள்ளாகத் தள்ளுவதுதான் கியாய். சத்தம் அதோடு ஒட்டிக்கொண்டு வருவது. வயிறு சரியாக இறுகினால் இடுப்பில் கட்டிய பெல்ட்டின் முடிச்சு ஒரு குதி குதிக்கும். அவர் எங்கள் வாயைப் பார்க்கவே மாட்டார். முடிச்சைத்தான் பார்ப்பார். குதிக்காவிட்டால், "தொண்டை கத்துது, வயிறு தூங்குது" என்று கூடமே அதிரச் சொல்வார்.

அவர் ஏன் எப்போதும் கூடம் அதிரப் பேசினார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஒருநாள் கூடத்தின் தகரக் கூரையில் தேங்காய் ஒன்று விழுந்தது. நாங்கள் எல்லோரும் துள்ளிக் குதித்தோம். மாஸ்டர் மட்டும் அசையாமல் நின்று, "எதுக்குக் குதிக்கிறீங்க?" என்றார். வகுப்பு முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"காதை ஆலை ஷாப்புலயே விட்டுட்டு வந்துட்டேன் ஜெசி. வேற யாரையும் குத்தம் சொல்ல முடியாது. சத்தத்துக்கு அடைச்சுக்கக் குடுத்தாங்க. வெச்சா ஸ்டைலா இருக்காதுன்னு எடுத்து எறிஞ்சேன். இப்ப இந்த ஸ்டைலோட திரியறேன். எவனுக்கும் தெரிய வேணாம்."

"காது மெஷின் வாங்கி மாட்டிக்கலாமே மாஸ்டர்?"

"மாட்டிப் பாத்துட்டேன். இத்தனை பேரு ஒண்ணாக் கத்துனா மண்டைக்குள்ள ரயில் ஓடுது. பீரோவுல வெச்சிருக்கேன்."

முகத்தைப் பார்த்தால் உதட்டை வைத்து எல்லாம் புரிந்துகொள்வார். திரும்பி நின்று பேசினால் போச்சு. ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு மிச்சம் இருந்தது, பிளாக் பெல்ட் தேர்வில் தேர்வாளர்கள் உட்காரும் வரிசையில் ஒரு நாற்காலி. மற்ற நாலு பேருக்கும் மூத்தவராக அதில் உட்காருவார். "அந்த நாற்காலி போச்சுன்னா வீட்டுல உக்காந்து டிவிதான் பாக்கணும். அதுவும் எனக்குக் கேக்காது" என்று சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. அதனால் தேர்வு நாள்களில் பெயர் கூப்பிடுகிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் நிற்பேன். யாராவது அவரிடம் ஏதாவது கேட்டால், எனக்குச் சரியாகக் கேட்காதது போல, "என்ன சார், ரெண்டாவது காத்தாவா?" என்று மாஸ்டர் முகத்துக்கு நேரே திரும்பிக் கேட்பேன். அவர் உடனே பதில் சொல்லிவிடுவார். ஜெசிந்தாவுக்குக் காது மந்தம் என்று சங்கத்தில் பேச்சு கிளம்பியது. கிளம்பட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனிமேல்தான் ஸ்ரீரங்கம் வருகிறது.

பள்ளி வேலை போக, பெண்களுக்கு மட்டும் சாயங்கால வகுப்பு ஒன்று தனியாகத் தொடங்க எனக்கு ஆசை. ஸ்ரீரங்கத்தில் மண்டபம் கிடைக்கும். ஆனால் முகூர்த்த நாள் வந்தால் எங்களைத் தூக்கி வெளியே வைத்துவிடுவார்கள். கடைசியில் உத்தர வீதியில் ஒரு வீட்டின் மாடி ஹால் கிடைத்தது. வீட்டுக்காரர் ரங்கராஜன் மாமா, கோயில் கோஷ்டியோடு சேர்ந்து பாசுரம் ஓதுகிறவர். அந்த ஓதலுக்குச் சேவாகாலம் என்று பெயர். அவர் மனைவி பத்மா மாமி. சாவியைக் கையில் கொடுக்கும்போதே மாமி நிபந்தனையும் போட்டார்.

"டீச்சர், மேல நீங்க என்ன வேணா பண்ணிக்கோங்கோ. சத்தம் மட்டும் கூடாது. இவர் விடியக்காலம் சேவாகாலத்துக்குப் போறவர். ராத்திரியும் போகணும். நடுவுல கண்ணசர்றது இந்தச் சாயங்கால வேளைதான். தூக்கம் கெட்டுப்போனா மறுநாள் தொண்டை கட்டிக்கும்."

கடுகு தாளிக்கலாம், ஆனால் வெடிக்கக் கூடாது என்பது போல இருந்தது எனக்கு. ஆனாலும் மாடி ஹால் நல்ல காற்றோட்டம். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அப்படித்தான் சத்தமில்லாத கராத்தே தொடங்கியது. ஜப்பானிய மொழியில் எண்ணுவதற்குப் பதில் விரலைக் காட்டுவேன். காலைத் தரையில் ஓங்கி வைப்பது கிடையாது. குதித்து உதைத்தாலும் இறங்கும்போது குழந்தை தூங்குகிற அறையில் நடப்பதுபோல இறங்க வேண்டும். கியாய்க்கு வாயைத் திறக்கலாம், வயிற்றை இறுக்கலாம், மூச்சைத் தள்ளலாம். குரல் மட்டும் வெளியே வரக்கூடாது. சத்தம் ஒட்டிக்கொண்டு வருவதுதானே, பிய்த்து எடுத்துவிட்டால் என்ன என்று மாஸ்டர் கணக்கையே நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு மாதத்தில் எல்லோருடைய முடிச்சும் குதிக்க ஆரம்பித்தது. எதிர்வீட்டுக்காரம்மா ஒருநாள் என்னை நிறுத்தி, "உங்க தியான வகுப்புல எனக்கும் எடம் இருக்குமாங்க?" என்று கேட்டார்.

முதலில் மாமி படிக்கட்டில் நின்று, சத்தம் வருகிறதா என்று வேவு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாசற்படிக்கு வந்தார். ஒருநாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கடைசி வரிசையில் வந்து நின்றுவிட்டார். "ஆத்துல சும்மாதானே இருக்கேன். நானும் ரெண்டு கை வீசிப் பாக்கறேனே" என்றார். அப்போது அவருக்கு நாற்பது தாண்டியாகிவிட்டது. எனக்கு மூத்தவரை எப்படித் திருத்துவது என்று தயக்கம். ஆனால் குதிரை மேல் உட்கார்ந்தது போலக் காலை அகட்டித் தாழ நிற்கும் நிலையைக் காட்டினால், கோமதி மாதிரிச் சின்னப் பெண்களுக்கே தொடை நடுங்கும். மாமி இறங்கி நின்றார், நின்றபடியே இருந்தார். விடிந்ததும் வாசலை அடைத்துக் கோலம் போடுகிற கால். அதற்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?

வெள்ளை உடுப்பை முதல் தடவை போட்டுக்கொண்ட அன்று மட்டும் மாமி அறைக்கதவைத் திறக்கவே இல்லை. "டீச்சர், நான் பிறந்ததுலேர்ந்து பேன்ட் போட்டதில்லை. லைட்டை அணைச்சுட்டு வகுப்பு நடத்தப்படாதோ?" என்று உள்ளே இருந்தபடியே கேட்டார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அந்த ஹாலில் சிரிப்புக்கும் சத்தம் கிடையாது.

மஞ்சள், பச்சை, பிரவுன் என்று வருஷங்கள் ஓடின. இந்த பெல்ட்டுகளுக்கு நானே தேர்வு வைத்துக் கொடுக்கலாம். பிளாக் பெல்ட்டுக்கு மட்டும் சங்கத்தின் தேர்வாளர்கள் முன்னால் நிற்க வேண்டும். காத்தாவில் இரண்டு இடத்தில் கியாய் உண்டு, அது காதில் விழவேண்டும் என்பது விதி. கோமதி, மாமி உள்பட என் முதல் வரிசை தயாராக இருந்தது. ஒருத்திக்கும் சத்தம் போடத் தெரியாது!

தேர்வுக்கு முந்தைய வாரம் எல்லோரையும் விடியற்காலையில் கொள்ளிடத்து மணலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "கத்துங்க" என்றேன். கோமதிக்கு இருமல் வந்தது. மற்றவர்களுக்கு அதுவும் வரவில்லை. பத்து வருஷம் வாயைக் கட்டியவர்கள் போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் மாமிதான் முன்னால் வந்தார். நாலாபுறமும் ஒரு பார்வை பார்த்து, "இங்க யாரும் தூங்கலையே?" என்று நிச்சயப்படுத்திக்கொண்டு விட்டார் பாருங்கள் ஒரு கியாய்! அக்கரைக் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது. தூரத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒருவர் ஈர வேட்டியோடு ஓடிவந்து, "என்னம்மா, யாராச்சும் முழுகிட்டாங்களா?" என்று மூச்சு வாங்கக் கேட்டார். அப்புறம் எல்லோருக்கும் குரல் திறந்துகொண்டது. எனக்கு நிம்மதி.

அந்த நிம்மதி அன்று சாயங்காலம் வரைக்கும்தான். சங்கத்திலிருந்து போன் வந்தது. தேர்வாளர்களில் இளையவர் விமல், நல்ல திறமைசாலி, ஒரு தீர்மானம் கொண்டுவருகிறாராம். தேர்வாளர் ஒவ்வொருவருக்கும் கண், காது பரிசோதனை வேண்டும், தேறாதவர்கள் விலகிக்கொள்ள வேண்டும். தேர்வு முடிந்த அன்று மாலையே கூட்டம். நான் மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன்.

"அன்னிக்கு நீதான் பக்கத்துல இருப்பியே" என்றார்.

"என் பிள்ளைங்க தேர்வு எழுதறப்ப நான் அந்த மேஜைகிட்டயே வரக்கூடாது மாஸ்டர்."

"பாத்துக்கலாம் போ" என்றார். அவர் அப்படி மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. என் பெண்கள் பாஸாவதைவிட, மாஸ்டர் இந்த ஒரு நாளைத் தாண்டிவிட வேண்டும் என்று வேளாங்கண்ணி மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டேன்.

தேர்வு ஒரு பள்ளியின் உள் அரங்கத்தில் நடந்தது. மேஜைக்குப் பின்னால் தேர்வாளர்கள். நடுவில் வெளியூரிலிருந்து வந்த தலைமைத் தேர்வாளர் சுந்தரவேல் சார், ஒரு ஓரத்தில் மாஸ்டர், மறு ஓரத்தில் விமல். எதிர்ப்பக்கம் பார்வையாளர்களுக்கு நாற்காலிகள். முதல் வரிசையில், சரியாக மின்விசிறிக்குக் கீழே, பஞ்சகச்சமும் திருமண்ணுமாக ரங்கராஜன் மாமா. மனைவி கராத்தே பண்ணுவதை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. பார்ப்பது எப்படி? அந்த நேரத்தில் அவர் தூங்க வேண்டுமே. அன்றைக்கு டவுன் பஸ் பிடித்து வந்திருந்தார்.

கோமதியும் மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். கியாய் அரங்கத்தை அதிர வைத்தது. மாஸ்டர் ஒழுங்காகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். கடைசியாக மாமி.

நான் இத்தனை வருஷத்தில் பார்த்த மிகச் சிறந்த காத்தாக்களில் அது ஒன்று. ஒவ்வொரு திரும்பலும் அளந்து வைத்தாற்போல இருந்தது. முதல் கியாய் வருகிற இடம் வந்தது. மாமி வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. பதற்றம் என்று நினைத்தேன். கடைசி அடி. மறுபடியும் வாய் திறந்தது, கை பறந்தது, சத்தம் மட்டும் இல்லை. மாமியின் கண் போன திசையில் பார்த்தேன். முதல் வரிசையில் மாமா, தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, அயர்ந்த தூக்கம். விடியற்காலம் எழுந்தவர், மின்விசிறிக் காற்று வேறு.

சுந்தரவேல் சார் மூத்தவர் என்ற மரியாதையில் முதலில் மாஸ்டரைப் பார்த்துக் கையைக் காட்டினார். மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்து, அரங்கம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"எல்லாமே நல்லா இருந்துச்சு. கியாய்தான் ரொம்பப் பிரமாதம். இன்னிக்கு வந்ததுலயே பெஸ்ட்."

விமல் பேனாவைக் கீழே வைத்தார். சுந்தரவேல் சார் குனிந்து எதையோ எழுதிக்கொண்டே, "உங்களுக்குக் கியாய் கேட்டுச்சா மாஸ்டர்?" என்றார். அவர் உதட்டை மாஸ்டரால் பார்க்க முடியவில்லை.

"ஆமாங்க சார், ஸ்ரீரங்கந்தான்" என்றார் மாஸ்டர்.

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியாமலே எழுந்து நின்றேன். மாஸ்டர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மாமியை, விமலை, மறுபடி என்னை. முகத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது போதும். மெதுவாக எழுந்து, பெல்ட்டைச் சரிசெய்துகொண்டார்.

"எனக்குக் காது கேக்காதுங்க" என்றார். "ரொம்ப வருஷமா. இந்தப் பொண்ணு ஜெசிதான் மூடி மறைச்சுக்கிட்டு இருந்துச்சு. நான்தான் அப்படிச் சொல்லி வெச்சேன். நான் கியாயைக் கேட்டு மார்க் போடறதில்ல. முடிச்சைப் பாத்துப் போடறேன். இந்த அம்மா சத்தம் போட்டாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ஆனா கியாய் போட்டாங்க. நீங்க எல்லாரும் காதைப் பொத்திக்கிட்டு ஒரு தடவை பாருங்க. அதுக்கப்புறம் என்னை எழுந்து போகச் சொன்னீங்கன்னா போயிடறேன்."

சுந்தரவேல் சார் தாடையைத் தடவினார். பிறகு, எனக்கு அவர் மேல் மரியாதை வந்ததே அப்போதுதான், இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டார். விமலும் வைத்துக்கொண்டார். மாமி கடைசிப் பகுதியை மறுபடி செய்தார். மாமா இன்னும் தூங்கிக்கொண்டிருந்ததால் யாரும் காதைப் பொத்தியிருக்கவே வேண்டாம்.

விமல்தான் முதலில் விரலை எடுத்தார். "சார், முடிச்சு குதிக்குது" என்றார். "இத்தனை நேரம் நான் இதைப் பாக்கவே இல்ல சார்."

"நானும் பாத்தேன்" என்றார் சுந்தரவேல் சார். "ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு. அம்மா, ஒரே ஒரு தடவை சத்தமாப் போட்டுடுங்க."

மாமி தவித்துப்போனார். "போடலாம். ஆனா இவர் தூங்கிண்டிருக்காரே!"

அரங்கம் முழுவதும் திரும்பி மாமாவைப் பார்த்தது.

"எழுப்பிடலாமா?"

"ஐயோ, வேண்டாம். ராத்திரி கோஷ்டி இருக்கு."

தேர்வு மேஜையில் உட்கார்ந்தவர்கள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். நான் விதியை மறந்து இரண்டடி முன்னால் போய், "மாமி, இன்னிக்கு ஒரு நாள் மாமாவுக்குத் தொண்டை கட்டிக்கட்டும்" என்றேன். மாமி கண்ணை மூடிக்கொண்டார். பெருமாளை நினைத்துக்கொண்டாரோ என்னவோ. கடைசி அடியை அடித்தார்.

கொள்ளிடத்தில் கேட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை. சுந்தரவேல் சாரின் கை பட்டுத் தண்ணீர்ப் பாட்டில் உருண்டது. மாமா நாற்காலியோடு எழுந்துவிட்டார். "பத்மா! யாரு உன்னை அடிச்சா?" என்று கச்சத்தைப் பிடித்துக்கொண்டு தேர்வுக் களத்துக்குள்ளேயே வந்துவிட்டார்.

"யாரும் அடிக்கலை. நான்தான் அடிச்சேன். நீங்க போய் உக்காருங்கோ" என்றார் மாமி, மூச்சு வாங்க.

கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று. அது அடங்கியதும் மாஸ்டர் என்னைப் பார்த்து, "சத்தமா போட்டாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்படியா?" என்று உதட்டைப் பிதுக்கினார். "முன்னாடி போட்டதுதான் நல்லா இருந்துச்சு."

மாமி பாஸ். மாலைக் கூட்டத்துக்கு மாஸ்டர் வரவில்லை. "என்னைப் பத்திப் பேசறப்ப நான் அங்க உக்காந்திருந்தா நல்லா இருக்காது. உக்காந்தாலும் கேக்காது" என்று சொல்லிவிட்டு வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் தங்கிவிட்டார். நான் மட்டும் உள்ளே போனேன். விமல் தன் தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். எதிர்த்துப் பேச நான் மனசுக்குள் வசனம் தயாரித்துக்கொண்டிருந்தேன்.

"இதை நான் வாபஸ் வாங்கிக்கிறேன் சார்" என்றார் அவர். "சத்தம் கேக்கறதுக்கு மேஜையில நாங்க நாலு பேரு இருக்கோம். முடிச்சைப் பாக்கறதுக்கு ஒருத்தர் வேணும். அடுத்த தடவையிலேர்ந்து மாஸ்டர் பக்கத்து நாற்காலியை எனக்குப் போடுங்க. நான் அவரு பாக்கற மாதிரி திரும்பிப் பேசறேன்."

சுந்தரவேல் சார் "சரி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நான் தயாரித்த வசனமெல்லாம் வீண். அதற்காக நான் வருத்தப்படவில்லை.

செருப்பைக்கூட மாட்டாமல் தாழ்வாரத்துக்கு ஓடினேன். மாஸ்டர் பெஞ்சில் நேராக உட்கார்ந்திருந்தார், தீர்ப்புக்குக் காத்திருக்கிறவர் போல. எதிரில் மாமி, மாமா, கோமதி, உடுப்பு மாற்றாத பெண்கள், அவர்கள் வீட்டுக்காரர்கள் என்று ஒரு கூட்டமே நின்றது. இத்தனை வருஷப் பழக்கத்தில், பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாமல், அவர் முகத்துக்கு நேரே குனிந்து உதட்டை மட்டும் அசைத்தேன். அவர் புரிந்துகொண்டார். கண் கலங்கியது. ஆனால் தலையை ஆட்டவில்லை. கையைக் குவித்து வலது காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார், எல்லோரும் பார்க்க. அவர் அப்படிச் செய்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

"சத்தமாச் சொல்லு ஜெசி. இனிமே எதுக்கு ரகசியம்?"

அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்து, "நாற்காலி உங்களுக்குத்தான் மாஸ்டர்!" என்று கத்தினேன். பள்ளி மைதானத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

மாஸ்டர் கையை அந்தக் காதிலிருந்து எடுத்தார். இடது காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"இந்தப் பக்கமும் ஒரு தடவை சொல்லு" என்றார்.